வன்னியில் ஓர் ஏட்டுக்கட்டு

முத்திரை சேர்ப்போரும் நாணயம் சேர்ப்போரும் எந்நாட்டிலும் உளர். மேனாடுகளிலோ பழஞ்சுவடிகளின் தனி ஏடுகளைத் தேடிச் சேர்ப்பவர்களும் இருக்கின்றனர். அவர்கள் பெரிதும் விரும்புவன, இடைக்காலத்தில் இலத்தீன் மொழியிற் கையால் எழுதப்பெற்ற வேதாகமச் சுவடிகளின் ஏடுகளாகும். அவ்வேட்டின் படம் ஒன்றைக் கண்டவர், அதன் மீது ஆசை கொள்வதற்குக் காரணம் கேட்கமாட்டார்.

13ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்தில் இத்தகைய வேதாகமங்கள் பெருந்தொகையாக எழுதப்பெற்றன. பல்கலைக்கழகத்து மாணவரும், ஊர் ஊராய்ச் சென்று போதித்த துறவியரும் கையிற் கொண்டு செல்லத்தக்க சிறு நூலை வேண்டினர். ஆகவே விலங்கின் தோலை வெங்காயச் சருகு போல மெல்லியதாகப் பதப்படுத்தி, பக்கத்தை இரண்டு பத்திகளாகப் பிரித்து, மிக நுண்ணிய எழுத்தினால் வேதாகமம் முழுவதையும் ஒரே நூலுள் அடக்கினர். அதிகாரந்தோறும் முதலெழுத்துச் சிவப்பிலும் நீலத்திலும் மாறி மாறி வரும். சிறந்த சுவடிகளில் நீலத்துக்கு ஆப்கானிஸ்தான மலைகளில் அகழ்ந்த நீலக்கல்லை அரைத்தனர். பொன்னிறத்துக்குத் தங்கரேக்கை ஒட்டி மெருகிட்டனர். ஆதியாகமத்தின் முதலெழுத்துப் பல சுவடிகளிற் பக்கத்தின் மேலிருந்து கீழ்வரை நீண்டு நிற்கும். அதனுள் ஏழு வட்டங்கள். கடவுள் உலகைப் படைத்த ஆறு நாட்களும், ஓய்ந்திருந்த ஏழாம் நாளும் அவ்வட்டங்களில் ஓவியமாக அமைந்திருக்கும். நாம் செந்தூரம் என்று சொல்லும் ஈயச் செந்நிறத்துக்கு இலத்தீனில் மினியம் என்பது பெயர். நுண்ணோவியத்தைக் குறிக்கும் மினியேச்சர் என்ற சொல் அதிலிருந்தே பிறந்தது.

இத்தகைய நூல் முழுமையாக விற்பனைக்கு வந்தால் அதனை வாங்குதல் பெருஞ்செல்வருக்கே இயலும். ஏடு ஏடாகப் பிரித்து விற்றாலோ நடுத்தரக் குடும்பத்தவரும் ஒன்றை வாங்கிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டலாம்; வணிகருக்கும் ஊதியம் மிகும். இவ்வாறு பிரிந்த நூல்கள் பல. இதனைச் செய்தவர் எல்லாரும் பேராசைக்காரர் அல்லர். கலைவிமரிசகராகிய ஜோன் றஸ்கின், தாம் சுவடி ஒன்றை அறுத்த செய்தியை 1854ஆம் ஆண்டு நாட்குறிப்பில் தாமே எழுதி வைத்தார். அமெரிக்காவிற் கிளீவ்லாந்து நகரத்துக் கலைக்கல்லூரியிற் பணியாற்றிய ஒற்றோ எகி (1888–1951) என்பவர், பல சுவடிகளைப் பிரித்து, 50 ஏடுகள் கொண்ட 40 பெட்டிகள் உருவாக வழிசெய்தார். நூல் குலைப்பவன் என்று தம்மைத் தாமே அழைத்துக்கொண்டு 1938இற் கட்டுரையும் எழுதினார். முழுநூலை ஒருவர் பெட்டகத்துட் பூட்டி வைப்பதினும், நூறு மாணவர் ஒவ்வோர் ஏட்டைக் கையிலேந்திப் பார்ப்பது நன்று என்பது அவர் வாதத்தின் சாரம். ஆசிரியத் தொழில் செய்யும் எனக்கு அவ்வாதம் எளிதில் தள்ளிவிடத்தக்கதாய்த் தோன்றவில்லை.

என்னிடம் முன்னர்க் கற்ற மாணவர் ஒருவர் இப்பொழுது கனடாவில் வாழ்கின்றார். அவர் சென்ற ஆண்டு இலத்தீன் வேதாகம ஏடு ஒன்றை விலைக்கு வாங்கி, அதன் படத்தை எனக்கு அனுப்பியிருந்தார். “ஐயா, இதன் பக்கத்திலே நம்மூர் ஓலையேடு ஒன்றையும் சட்டமிட்டு மாட்ட விரும்புகின்றேன். வன்னியில் யாரிடமாவது ஒன்றிரண்டு ஏடு கிடைக்குமா?” என்று கேட்டிருந்தார். பிள்ளைகளுக்கு ஊரைப் பற்றிச் சொல்வதற்கு அது ஒரு கருவியாகும் என்பது அவர் எண்ணம். நல்லெண்ணத்தோடு வந்த கேள்விக்கு நாற்காலியில் இருந்தபடி விடையெழுத எனக்கு மனம் வரவில்லை. விடுமுறை வந்ததும் வன்னியின் ஊர்களைப் பார்த்து வரப் புறப்பட்டேன்.

கல்லும் ஓலையும்

வவுனியாவிலிருந்து வடக்கே செல்லும் கண்டி வீதி, ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம் என்ற ஊர்களைக் கடந்து மாங்குளத்தை அடைகின்றது. 1990இல் நின்றுபோன வடபகுதிப் புகையிரதம் 2013இற் கிளிநொச்சி வரைக்கும் மீண்டது. வீதிக்கு அணித்தாகவே தண்டவாளமும் ஓடுகின்றது. நேரே வடக்கே சென்றால் இரணைமடுக் குளத்து நீரை உண்டு வாழும் கிளிநொச்சி. 1930களில் அங்கே குடியேறிய குடும்பங்கள் பல, யாழ்ப்பாணத்திலிருந்து மண்வெட்டியோடு புராண ஏடுகளையும் கொண்டுவந்தன என்று முதியோர் கூறக் கேட்டிருக்கின்றேன். நான் மாங்குளத்திற் கிழக்கே திரும்பினேன். அங்கிருந்து முல்லைத்தீவு ஏறக்குறைய 50 கிலோமீற்றர்.

இவ்வழியிற் செல்வோர் பேருந்தின் சன்னலோரத்தில் இருத்தல் வேண்டும். பாலையும் வீரையும் முதிரையும் செறிந்த காடு; காடு விலகினால் வயல்; வயலின் தலைமாட்டிற் குளம். ஆனி மாதத்திற் பாலைப்பழம் விற்கும் சிறுவரை வீதியோரத்திற் காணலாம். யானை கடக்கும் இடம் என்ற பலகைகள் வெறும் அலங்காரத்துக்கு நாட்டப்பட்டவை அல்ல. மதங்கொண்ட யானையை அடக்கிய அரியாத்தை என்ற பெண்ணின் கதையும், நெல்லைத் தின்னவரும் குருவியையும் பன்றியையும் பாடிய பள்ளுகளும் இம்மண்ணிற் பிறந்தன என்றால் வியப்பில்லை.

ஒட்டுசுட்டானை அணுகும்போது கச்சிலைமடு என்னும் ஊர் வருகின்றது. இவ்வூருக்கு அருகிலே, 1803 ஒக்டோபர் 31ஆம் நாள், கப்டன் வொன் டிறிபேர்க் என்பவர் பண்டார வன்னியனைத் தோற்கடித்தார் என்று ஆங்கிலத்திற் பொறித்த கல்லொன்றை ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் நாட்டினர். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைக்கொண்ட வன்னித் தலைவன் அவன். வென்றவர் தம் சொல்லைக் கல்லில் எழுதினர். தோற்றவர் நாட்டின் சொல்லோ வாய்ப்பாட்டிலும் ஓலையிலுமே தங்கியது. வன்னியர் வந்து குடியமர்ந்த வரலாறு கூறும் வையாபாடலும் ஓலையில் வாழ்ந்தே அச்சுக்கு வந்தது. வன்னியில் அரசாங்க அலுவலராயிருந்த ஜே. பி. லூயிஸ் 1895இல் இப்பகுதிகளைப் பற்றிப் பெருநூல் ஒன்றை அச்சிட்டார். அதற்குமுன் வன்னியைப் பற்றி வன்னி மக்கள் அறிந்தவற்றுக்குக் கல்லும் இல்லை, அச்சும் இல்லை, ஏடுதான் இருந்தது.

ஒட்டுசுட்டானில் தான்தோன்றீசுவரரைக் கும்பிட்டேன். குரக்கன் அறுத்த ஒட்டுத்தாளைச் சுட்டபோது சிவலிங்கம் வெளிப்பட்டது என்பது ஊர்ப் பெயருக்குக் கூறப்படும் கதை. அங்கிருந்து முள்ளியவளைப் பக்கமுள்ள சிற்றூர் ஒன்றிற்குச் சென்றேன். அங்கே ஒரு பரியாரியார் வீட்டில் ஏட்டுக்கட்டு ஒன்று உண்டென நண்பர் ஒருவர் முன்பே சொல்லியிருந்தார்.

பரியாரியார் வீடு

பரியாரியாருக்கு எண்பதைக் கடந்த வயது. விஷகடிக்கும் மாட்டு நோய்க்கும் மருந்து செய்த பரம்பரை. மூத்த பிள்ளைகள் மூவரும் மூன்று வெளிநாடுகளில் இருக்கின்றனர். கடைசி மகள் அவருடன் வாழ்கின்றார். அம்மகளின் பெண் உயர்தர வகுப்பு மாணவி. நான் வந்த காரணத்தைச் சொன்னதும், பேர்த்தி மஞ்சள் துணியிற் சுற்றிய கட்டு ஒன்றைக் கொணர்ந்து திண்ணையில் வைத்தாள். அவிழ்த்தபோது வசம்பின் மணம் எழுந்தது.

பனையின் இளங்குருத்தோலையை வாட்டிப் பதமாக்கி, ஓரளவாக நறுக்கிய ஏடுகள் அவை. நூற்றுக்குச் சற்று மேற்பட்டவை. இருபுறமும் மரச்சட்டம், துளை வழியே கயிறு. ஒவ்வோர் ஏட்டின் இடப்பக்கத்திலும் தமிழ் எண். எழுத்தாணியாற் கீறி, விளக்குக் கரியும் பச்சிலைச் சாறும் தடவித் துடைத்தால், கீறலில் மட்டும் மை நின்று எழுத்துத் துலங்கும். ஓலை கிழியும் என அஞ்சிப் பெரும்பாலும் புள்ளி இடமாட்டார்கள். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேற்றுமை இராது. ஆதலின் ஏட்டை வாசிப்பவன் எழுத்தோடு பொருளையும் சேர்த்துப் படித்தாக வேண்டும். பொன்னும் நீலமும் இங்கே இல்லை. முதலேட்டிற் பிள்ளையார் சுழியும் குருவணக்கமும்; ஈற்றேட்டில் எழுதி முடித்த ஆண்டும் மாதமும் எழுதினவர் பெயரும். இவையே இதன் அணிகலன்கள்.

ஓலை தோலைப் போல் எண்ணூறு ஆண்டு இருப்பதன்று. நம் வெப்பத்திலும் ஈரத்திலும் கறையானுக்கும் இராமபாணப் பூச்சிக்கும் தப்பி இருநூறு, முந்நூறு ஆண்டு இருந்தாற் பெரிது. ஆகவேதான் ஒரு தலைமுறை எழுதியதை மறுதலைமுறை பார்த்தெழுதி வைத்தது. அடுப்புப் புகை படும் பரணில் வைத்ததும், சரசுவதி பூசையன்று எடுத்துத் துடைத்ததும் சடங்கு மாத்திரம் அல்ல, பாதுகாப்பும் ஆகும்.

இக்கட்டுக்கு வேறொரு வரலாறும் உண்டு. 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து அக்குடும்பம் ஊர் ஊராக இடம்பெயர்ந்தது. பரியாரியாரின் மனைவி, அரிசிப் பையோடு இக்கட்டையும் தோளிற் சுமந்தார். 2009 மே மாதத்தில் நந்திக்கடல் நீரைக் கடந்தபோது கட்டின் ஒரு மூலை நனைந்தது. பின்னர்ச் செட்டிகுளத்து முகாமில், கூடாரத்துக் கயிற்றிலே துணிகளுக்கிடையில் ஏடுகளை நிழலாறக் காயவைத்தாராம். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட ஏழெட்டு ஏடுகள் இன்னும் பிரியாமலே இருக்கின்றன. ஊருக்குத் திரும்பிய சில ஆண்டுகளில் அவ்வம்மையார் காலமானார். “நகையெல்லாம் வழியிலே போயிற்று, தம்பி. இதை மாத்திரம் அவள் விடவில்லை” என்றார் பரியாரியார்.

பங்கு பிரித்தல்

இந்தக் கட்டைப் பற்றி அவ்வீட்டில் ஒரு பேச்சு நடந்துகொண்டிருந்தது. வெளிநாட்டிலிருக்கும் மூத்த மகன், தாயின் நினைவாக ஏடுகளை நான்கு பிள்ளைகளுக்கும் நான்கு பங்காக்கி அனுப்பும்படி கேட்டிருந்தார். தாய் தோளிற் சுமந்த பொருளில் ஒரு பகுதி தம் வீட்டிலும் இருக்கவேண்டும் என்று பிள்ளைகள் விரும்புவதில் என்ன குற்றம்? காணியைப் பங்கிடுகின்றோம், நகையைப் பங்கிடுகின்றோம். பரியாரியாரும் பங்கிடவே எண்ணியிருந்தார். பேர்த்திக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. காரணம் சொல்லத் தெரியாமல் இருந்தாள்.

அன்று பிற்பகல் பரியாரியார் அவளுக்கு ஏடு வாசிக்கக் காட்டிக்கொண்டிருந்தார். அவள் தடுமாறும் இடத்தில், ஏட்டைப் பாராமலே அவர் திருத்தினார். பாம்புக்கடி மருந்து ஒன்று வந்தது. சரக்குகளின் பெயர் ஒவ்வொன்றாக வாசித்தாள். அவற்றுள் நாபிக் கிழங்கும் ஒன்று. நாபி கொடிய நஞ்சு. சுத்தி செய்தாலன்றி மருந்தாகாது. அப்பெயரோடு ஏடு முடிந்தது. சுத்தி செய்யும் முறையும், நிறையும், பத்தியமும் அடுத்த ஏட்டின் தொடக்கத்தில் இருந்தன.

பேர்த்தி நிமிர்ந்து பார்த்தாள். “அப்பு, இந்த ஏடு பெரிய மாமாவுக்கும் அடுத்த ஏடு சின்ன மாமாவுக்கும் போனால், மருந்து யாரிடம் இருக்கும்?” என்றாள்.

கிழவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “இரண்டு பேரிடமும் இராது, பிள்ளை. ஒருவனிடம் நஞ்சு இருக்கும், மற்றவனிடம் நிறை இருக்கும்” என்றார்.

என் மாணவருக்கு நான் எழுதவேண்டியிருந்த விடையும் அதுவே. ஏடு என்பது படம் அன்று. ஒரு பேச்சின் நடுப்பகுதி. முன்னேடும் பின்னேடும் இல்லாவிட்டால் அது தொடங்காத சொல்லும் முடியாத சொல்லுமாய் நிற்கும். ஈற்றேட்டை ஒருவர் கொண்டுபோனால், ஏனையோர் கையிலுள்ளவை யார் எழுதினார், எக்காலத்தில் எழுதினார் என்று அறியப்படாத ஓலைகளாகிவிடும்.

காணாமற்போன ஏடுகள்

தமிழருக்கு இது புதிய பாடம் அன்று. 1894இல் உ. வே. சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, கிடைத்த சுவடிகளை எல்லாம் ஒப்புநோக்கியும் 267, 268 ஆகிய இரு பாடல்கள் அகப்படவில்லை. இன்றுவரை அவை இல்லை. அவற்றைப் பாடிய புலவர் யார், பாடப்பெற்றவர் யார் என்பதை அறியோம். பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் இறுதிப்பத்தும் நமக்குக் கிடைத்த நூலில் இல்லை. வளையாபதி என்னும் காப்பியத்தில் உரைகாரரும் தொகுத்தோரும் எடுத்தாண்ட எழுபத்து சொச்சப் பாடல்களே எஞ்சின. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இற் கலித்தொகையை அச்சிட்டிராவிட்டால், அதன் ஏடுகளுக்கும் இக்கதி நேர்ந்திருக்கலாம். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்களோடு ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின என்பதை இக்கட்டுரையைப் படிக்கும் மாணவர் மறத்தல் ஆகாது.

தப்பியவற்றுட் சில வெளிநாடு சென்றவை. தரங்கம்பாடியில் வாழ்ந்த சீகன்பால்கு 1708இல் தாம் சேர்த்த தமிழ்ச் சுவடிகளுக்கு விளக்கத்தோடு கூடிய அட்டவணை ஒன்று எழுதினார். இலங்கையிற் பணிபுரிந்த ஹியூ நெவில் சேர்த்த 2,000க்கு மேற்பட்ட ஓலைச்சுவடிகள் 1904இற் பிரித்தானிய அரும்பொருட்சாலையைச் சேர்ந்தன; இப்பொழுது அவை இலண்டனிலுள்ள பிரித்தானிய நூலகத்தில் இருக்கின்றன. பெரும்பாலும் சிங்களச் சுவடிகள். தமிழ்ச் சுவடிகளும் உண்டு. அவை நம்மை விட்டுத் தொலைவில் உள்ளன என்ற வருத்தம் நியாயமானதே. ஆயினும் நூல்கள் கட்டுக் கட்டாகச் சென்றமையால் அவற்றை இன்றும் படிக்கலாம். ஏடு ஏடாகச் சிதறியவற்றின் நிலை வேறு. பிரான்சு தேசத்துப் பொவே நகரத் திருப்பலிச் சுவடி ஒன்று 309 ஏடுகளோடு முழுமையாக இருந்தது. 1942இல் அது பிரிக்கப்பட்டது. லிசா பேகின் டேவிஸ் என்ற அறிஞர் அவ்வேடுகளைப் பல நாடுகளில் தேடி, நூற்றுக்கு மேற்பட்டவற்றை அடையாளம் கண்டிருக்கின்றார். பிரிப்பது வணிகருக்கு எளிய வேலை. கூட்டுவதற்கு ஒரு அறிஞரின் வாழ்நாளும் போதவில்லை.

வற்றாப்பளைத் துறை

மறுநாட் காலை வற்றாப்பளைக்குச் சென்றேன். நந்திக்கடலின் மேற்குக் கரையிற் கண்ணகை அம்மன் கோயில் இருக்கின்றது. மதுரையை எரித்தபின் கண்ணகி இலங்கைக்கு வந்து பல இடங்களில் தங்கினாள் என்றும், பத்தாவதாகத் தங்கிய இடமே பத்தாப்பளை என வழங்கி வற்றாப்பளை ஆயிற்று என்றும் ஊரார் சொல்வர். மாடு மேய்த்த சிறுவரிடம் கிழவியாய் வந்த அம்மன், எண்ணெய் இல்லாதபோது கடல்நீரை வார்த்து விளக்கேற்றச் சொன்னாள் என்பது ஐதிகம். இன்றும் வைகாசிப் பொங்கலுக்கு முல்லைத்தீவுக் கடலிலிருந்து நீரெடுத்து, முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலில் விளக்கேற்றி, பின் வற்றாப்பளைக்குக் கொணர்கின்றனர். ஆயிரக்கணக்கானோர் நேர்த்திக்கடனோடு கூடுகின்றனர்.

இவ்வழிபாட்டுக்குத் துணையாய் நிற்பன சிலம்பு கூறல் என்னும் காவியமும், கோவலன் கூத்தும். ஏடெடுத்துப் பாடியவர் பாடியதைக் கேட்டு அடுத்தவர் பாடினார். அண்ணாவியார் கையேட்டைப் பார்த்து மாணாக்கர் எழுதினர். கிழக்கிலங்கையில் இக்கதையே கண்ணகி வழக்குரை என வழங்கியது, பண்டிதர் வி. சீ. கந்தையா அதனைச் சுவடிகளிலிருந்து பதிப்பித்தார். இவற்றிலே பொன்மெருகு இல்லை. சுவரில் மாட்டினால் விருந்தினர் வியக்கமாட்டார்கள். முதலிலிருந்து முடிவுவரை பாடினால்தான் இவற்றின் அழகு தெரியும். ஓரேட்டிற் கோவலன் சிலம்பை எடுத்துக்கொண்டு புறப்படுவான். அவன் திரும்பி வந்தானா என்பதை அறிய அடுத்த ஏடு வேண்டும்.

செய்யத்தக்கவை

இனி, பரியாரியார் வீட்டில் நடந்ததைச் சொல்லி, வாசகர் கடைப்பிடிக்கத்தக்க சிலவற்றையும் கூறுகின்றேன். அவர் கட்டைப் பங்கிடவில்லை. திண்ணையில் வெள்ளைத் துணி விரித்து, பேர்த்தியும் நானும் இரண்டு பிற்பகல் இருந்து, ஒவ்வோர் ஏட்டையும் எண் முறைப்படி இருபுறமும் கைத்தொலைபேசியாற் படமெடுத்தோம். பக்கத்தில் ஓர் அடிமட்டத்தையும் வைத்தோம். ஒட்டியிருந்த ஏடுகளைத் தொடவில்லை. நான்கு பிள்ளைகளுக்கும் முழு நூலின் படம் போயிற்று. பரியாரியார் பாடம் சொல்ல, அவர் குரலையும் பேர்த்தி பதிவு செய்யத் தொடங்கினாள். “கட்டு கட்டாகவே இருக்கட்டும்” என்று சொல்லிக் கயிற்றை அவரே முடிந்தார்.

ஆனால் அடுத்தபடியாக அவர் கேட்டதற்கு விடை அத்துணை எளிதன்று. “எனக்குப் பிறகு இது எங்கே இருக்கும், தம்பி?” என்றார். பேர்த்தி பல்கலைக்கழகம் செல்லலாம். மணம் செய்து வேற்றூர் செல்லலாம். படிக்கத் தெரிந்த ஒருவர் வீட்டில் உள்ளவரை ஏடு வீட்டிலிருப்பதே அதற்குச் சிறப்பு என்பது என் கருத்து. படிப்பார் இல்லாத நாளில், முழுக்கட்டையும் பல்கலைக்கழகத்துக்கு ஒப்படைத்தல் நன்று. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகம் ஆகியிருக்கின்றது. வன்னியின் ஏடுகள் வன்னியிலேயே வாழ அது இடமாகலாம். 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களோடு ஓலைச்சுவடிகளையும் எண்ணிமப்படுத்தி எவரும் பார்க்க வைக்கின்றது. படமெடுக்கக் கொடுப்பதனால் ஏடு நம் கையை விட்டுப் போவதில்லை.

ஏடு வைத்திருப்போர் அதனை நீரிற் கழுவுதல் கூடாது. பிளாஸ்டிக்கு உறையில் ஒட்டி மூடுதல் கூடாது. ஒட்டுநாடா இடுதலும் கூடாது. ஒட்டிய ஏடுகளைக் கத்தியாற் பிரித்தல் பெருந்தீங்கு. மெல்லிய தூரிகையாற் தூசு தட்டி, தூய பருத்தித் துணியிற் சுற்றி, ஈரமும் வெயிலும் படாத இடத்தில் வைத்தல் வேண்டும். எந்த ஊர், எந்தக் குடும்பம், யாரிடமிருந்து வந்தது என்பதைத் தாளில் எழுதி உடன் வைத்தல் வேண்டும். வெளிநாட்டு உறவினருக்கு ஏடு அனுப்ப எண்ணுவோர் ஒன்றை அறிதல் நலம்: 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கக் கலாசாரச் சொத்துச் சட்டத்தின்படி, பழஞ்சுவடி போன்றவற்றை உரிமம் இன்றி நாட்டுக்கு வெளியே கொண்டு செல்ல இயலாது.

என் மாணவருக்கு ஏடு அனுப்பவில்லை, கடிதம் அனுப்பினேன். அவர் வாங்கிய இலத்தீன் ஏட்டைத் தூக்கியெறியும்படி எழுதவில்லை. அது பிரிந்தது அவர் செயலால் அன்று. அதன் நீள அகலத்தையும், வரிகளின் தொகையையும், இருபுறத்துப் படத்தையும் அறிஞர் பார்க்கும்படி செய்யச் சொன்னேன். சுவிட்சர்லாந்திலிருந்து நடைபெறும் பிறக்மென்ராரியம் என்னும் முயற்சி, சிதறிய ஏடுகளின் படங்களை ஒன்றுசேர்ப்பதற்கென்றே உள்ளது. அவர் சுவரிலுள்ள ஏட்டின் முன்னேடு வேறொரு நகரத்தில் வேறொருவர் சுவரில் இருக்கலாம், படங்களாவது கூடட்டும். நம்மூர் ஏட்டுக்குப் பதிலாக, பரியாரியாரின் இசைவோடு, கட்டு முழுமையாகத் திண்ணையில் விரிந்திருக்கும் படம் ஒன்றை அனுப்பினேன்.

வன்னியில் எத்தனை பரண்களில் இன்னும் எத்தனை கட்டுகள் இருக்கின்றன என்பதை அந்தந்த வீட்டாரே சொல்லமுடியும். வாசிக்கத் தெரிந்த முதியவர்கள் ஆண்டுதோறும் குறைகின்றனர். பாட்டன் இருக்கும் வீட்டுப் பிள்ளைகள் இவ்வார விடுமுறையிலே ஒரு கட்டை அவிழ்த்து, முதலேட்டை அவர்முன் வைத்து, “இதை எப்படி வாசிப்பது?” என்று கேட்கட்டும். முடிந்ததும் ஏடுகளை எண்ணிப் பார்த்து, வரிசை மாறாமற் கட்டி வைக்கட்டும்.